அடித்தேன்

எதிர்வீட்டு லிஃப்ட்காரரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன செய்தி வந்தபோது என் மடியில் ஒரு போலீஸ்காரரின் பேன்ட் கிடந்தது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, என் பிழைப்பே அதுதான். புதுத்துணி தைப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். பிடித்துக் கொடுப்பது, பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது, இவ்வளவுதான் வேலை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஸ்டேஷனில் முக்கால்வாசிப் பேரின் இடுப்பளவு எனக்கு மனப்பாடம். வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த இடுப்பு அவர்களில் ஒருவருக்கும் இப்போது இல்லை. அதனால் ஸ்டேஷன் என்றால் எனக்கு அதுவரை பெரிய பயம் எதுவும் இருந்ததில்லை.

காலையிலிருந்து மழை. எங்கள் மாடிப்படி வழக்கம்போல ஒழுகிக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரரின் பெண்டாட்டி, அதாவது எதிர்வீட்டுக்காரி, அந்தப் படியில் ஏறி வந்த சத்தத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க ஈரப் போர்வைகளோடு மல்லுக்கட்டுகிறவள், எதற்கும் லேசில் பதற மாட்டாள். அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் துணிக்குவியல் வரைக்கும் வந்து நின்றாள்.

"அக்கா, அவர ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். நெட்டைய எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு வந்திருக்காங்க. தலையில அடி. கண்ணே தொறக்கல. நான் மடிச்சு அனுப்புன போர்வ மேலதான் படுத்திருக்கான்."

"யாரு அடிச்சது?"

"அதத்தான் இவரக் கேக்கறாங்க."

நெட்டை என்பவன் லிஃப்ட்காரரின் கூட்டாளி. வாசல் நிலையில் இடிக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் வரத் தெரியாதவன். இரண்டு பேரும் ஒரே கம்பெனி, ஒரே பைக், ஒரே சாப்பாட்டுத் தூக்கு. லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை என்றால் ஒருவர் மொட்டைமாடியில் மோட்டார் அறையில் இருக்க வேண்டும், இன்னொருவர் அடியில் குழிக்குள் இறங்க வேண்டும். நடுவில் இத்தனை மாடி உயரத்துக்கும் இருட்டுதான். போனில் பேசிக்கொள்வார்கள். அது சரியாகக் கேட்காவிட்டால் அந்த இருட்டுக்குள் வாய்விட்டுக் கத்துவார்கள். அன்று காலை சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடியில் லிஃப்ட்காரர் மேலே, நெட்டை கீழே. குழிக்குள் இறங்கினால் லிஃப்டை நிறுத்துகிற சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது சட்டம். நெட்டைக்கு அதெல்லாம் ஆகாது. அதைச் சொல்லித்தான் லிஃப்ட்காரர், "செத்துத் தொலையப் போறடா, வெளிய வாடா" என்று கத்தியிருக்கிறார். நாலு மாடிக்காரர்களுக்குக் கேட்டிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து நெட்டை மண்டை உடைந்து கிடந்தான். பக்கத்தில் ஒரு பெரிய ஸ்பானர். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவரும் லிஃப்ட்காரர்தான், சட்டையெல்லாம் ரத்தத்தோடு.

நான் பேன்ட்டை அப்படியே போட்டுவிட்டு அவளோடு கிளம்பினேன். குடை என்று ஒன்று இருப்பதே இரண்டு பேருக்கும் நினைவில்லை.

ஸ்டேஷனில் பழைய மேசைகள் இருந்த இடத்தில் வழவழவென்று புது மேசை. அதன்மேல் கறுப்பாக, வட்டமாக, சோப்பு டப்பா அளவுக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. அதுதான் புது மெஷின். பேசுவதைக் கேட்டு, நம் கொச்சைப் பேச்சை நல்ல எழுத்துத் தமிழாக்கித் திரையில் ஓடவிடுகிறதாம். பக்கத்தில் ரைட்டரம்மா உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் வாக்குமூலம் எழுதி எழுதி விரல் காய்த்துப்போனவள். இப்போது எழுத வேண்டியதில்லை, பேர் மட்டும் ரைட்டர். காலையில் என் மடியில் கிடந்த பேன்ட் அவளுடையது என்பதால் என்னைப் பார்த்ததும் சிரிக்க வந்தாள். எதிர்வீட்டுக்காரியைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் எனக்கு முதலில் சரியாகப் படவில்லை. திட்டுகிற போலீஸை எனக்குத் தெரியும்.

"உக்காரும்மா. உங்க வீட்டுக்காரர் மேல யாரும் கை வைக்கல. அவரா சொன்னாரு, ஒத்துக்கிட்டாரு. எழுதினதுகூட நாங்க இல்ல."

"என்ன சார் ஒத்துக்கிட்டாரு?"

"அடிச்சத."

"அவரு அடிக்கிற ஆளு இல்ல சார்."

"முன்னாடின்னா, போலீசே எழுதிக்கிட்டாங்கன்னு சொல்லுவீங்க. நாங்களும் பதில் சொல்ல முடியாம முழிப்போம். அதுக்குத்தாம்மா இது வந்திருக்கு. இதுல ஒரு எழுத்த நான் மாத்த முடியாது, இவங்க மாத்த முடியாது. பேசினா எழுதும், எழுதினா அந்த நிமிஷமே அரசு வக்கீல் ஆபீசுக்குப் போயிடும். இனிமே யார் மேல பழி போடுவீங்க சொல்லுங்க?"

திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அவளுக்குக் கண் நிறைந்திருந்ததால் நான்தான் வாய்விட்டுப் படித்தேன்.

'நான் மேல் அறையில் இருந்தேன். அவன் கீழே இருந்தான். அடித்தேன். மீண்டும் அடித்தேன். பதில் இல்லை. பிறகு மறுபடியும் இரண்டு மூன்று முறை அடித்தேன். அப்போதும் ஒன்றும் இல்லை. அதன் பிறகுதான் பயந்துபோய்க் கீழே இறங்கினேன்.'

படிக்கப் படிக்க என் குரல் எனக்கே அந்நியமாகிவிட்டது. மேலே இருந்தவர் கீழே இருந்தவனை எப்படி அடிக்க முடியும் என்று அந்த நேரத்தில் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் பதில் தயாராக வைத்திருந்தார்கள். மேலிருந்து ஸ்பானரை விட்டெறிந்திருக்கலாம் இல்லையா. சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ இருமினார்கள். அவள் சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"அவருதான். பாக்கலாமா சார்?"

"இப்ப முடியாதும்மா."

"மாத்துச் சட்டையாவது குடுத்துட்டுப் போறேன். ரத்தத்தோட இருக்காரு."

"அந்தச் சட்ட இப்ப எங்க பொருள்" என்றார் இன்ஸ்பெக்டர். லிஃப்ட்காரரின் போனையும் அப்படித்தான் எடுத்து வைத்திருந்தார்கள். உறை போட்டு ஒட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியாகிவிட்டது. அங்கே வரிசை இருக்கிறதாம். முன்பெல்லாம் எந்த ஏட்டும் திறந்து பார்த்துவிடுவார், இப்போது ஆய்வுக்கூடத்தைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்று விதி. எல்லாமே நல்ல விதிகள்தான். ஒன்றையும் குறைசொல்ல முடியாது. குறைசொல்ல முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். எனக்கே கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்த பாப்பாவுக்குப் பசிக்குமே. அவர்களுடைய ஒரே பெண். சோற்றில் பருப்பைப் பிசைந்து கொடுத்தேன். எதிர்வீட்டுக்காரி என் தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ போட்டுக் கொடுத்ததை வாங்கினாள், குடிக்கவில்லை.

"அடிச்சிருப்பாராக்கா?"

"உனக்கென்ன பைத்தியமா. நெட்டை இல்லேன்னா அந்த மனுஷனுக்குச் சோறு எறங்காது."

"பின்ன ஏன் அடிச்சேன்னு சொன்னாரு?"

எனக்கும் அதுதான் விளங்கவில்லை. அவர் ஊமை ஒன்றும் இல்லை, நிறையவே பேசுவார். ஆனால் பாதியை முழுங்கிவிடுவார். 'குடுத்துட்டேன்' என்று சொல்லிக்கொண்டே படியேறுவார். யாருக்கு, எதை என்பதை அவள் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 'வரேன்னுட்டான்' என்பார். எவன் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வீட்டில் முக்கால்வாசிச் சண்டை இதற்காகத்தான் நடக்கும்.

மழை விட்டு வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போது ரைட்டரம்மா வந்தாள், பேன்ட்டை வாங்கிப்போக. எதிர்வீட்டுக்காரி இருப்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே தயங்கினாள். அந்த நேரம் பாப்பா அம்மாவின் போனைத் தூக்கிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தது.

"அம்மா, அப்பாவுக்கு அடிச்சேன். எடுக்கல. திரும்ப அடிச்சேன், அப்பவும் எடுக்கல."

ரைட்டரம்மாவின் முகம் செத்துப்போய்விட்டது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள். எனக்கு உறைக்க இன்னும் கொஞ்ச நேரமாயிற்று. எதிர்வீட்டுக்காரி எழுந்து நின்றுவிட்டாள்.

"போன் அடிச்சத சொல்லியிருக்காரு" என்றாள். "அக்கா, மேலேருந்து நெட்டைக்குப் போன் அடிச்சத சொல்லியிருக்காரு."

"ஆமா" என்றாள் ரைட்டரம்மா. "நான் பக்கத்துலதான் இருந்தேன். சொல்லும்போது கைய இப்படிக் காதுகிட்ட வச்சுக் காட்டினாரு. அது மெஷினுக்குத் தெரியாதுல்ல."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். கோபம்தான்.

"தப்புன்னு பட்டாத்தானக்கா சொல்ல. காதுல போன்னுதான் விழுந்துச்சு. திரையில அடித்தேன்னு ஓடினப்பவும் எனக்குப் போனாத்தான் தெரிஞ்சுது. அவருகிட்டயும் திருப்பிக் காட்டினேன். கண்ணாடி இல்லாம கிட்ட வச்சுப் பாத்தாரு, அவர் சொன்னதேதானே இருக்கு, சரிம்மான்னாரு. நானும் சரின்னு அமுக்கிட்டேன். என் கையால எழுதியிருந்தா தொலைபேசியில் அழைத்தேன்னு தானா வந்திருக்கும். முப்பது வருஷமா அப்படித்தான எழுதறேன்."

யோசித்துப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது, ஆனால் அன்றைக்கு வரவில்லை. நம் பேச்சில் வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம், உட்கார்ந்து அரட்டை அடிக்கிறோம். நான் நாள் முழுக்கத் தையல் அடிக்கிறேன். ஒருத்தரும் ஒருத்தரையும் தொடுவதில்லை. அதே வார்த்தையைக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு எழுத்தில் நிறுத்திவைத்தால் கையில் ஸ்பானரோடு நிற்கிறது.

"இப்ப போய் மாத்துங்க" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"மாத்த முடியாதும்மா. மாத்த முடியாதுங்கறதுக்காகத்தான் அத வாங்கினதே. அந்தச் சரி என் பேர்ல இருக்கு. இப்ப போய் அது தப்புன்னு சொன்னா, காசு வாங்கிட்டியான்னு மொத கேள்வி என்னைத்தான் கேப்பாங்க." ரைட்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க அரசு வக்கீலம்மாவப் போய்ப் பாருங்க. குரலப் போட்டுக் கேக்கணும்னு சொல்லுங்க, அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. என் பேர மட்டும் இழுக்காதீங்கக்கா. பென்ஷனுக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கு."

பேன்ட்டை எடுக்காமலே போய்விட்டாள்.

மறுநாள் காலையிலேயே போனோம். அரசு வக்கீல் ஆபீஸ் மூன்றாவது மாடியில். சுவர் நெடுக இரும்பு அலமாரிகள் காலியாக நின்றன. கேஸ் கட்டுகள் எல்லாம் போய்விட்டன, தூசி மட்டும் போகவில்லை. வக்கீலம்மா தலையை அண்ணாந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். எதிரே இரண்டு திரைகள். வயசு என்னைவிட நிறையக் குறைவு, ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. வெளியே மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது.

எதிர்வீட்டுக்காரி நின்றுகொண்டே சொன்னாள். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள், ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. வக்கீலம்மா கேட்டுவிட்டுத் திரையில் எதையோ தேடினார்.

"எனக்கு வந்ததுல அடித்தேன்னுகூட இல்ல" என்றார். "முழுசா நான் படிக்கறது கம்மிம்மா. மெஷினே சுருக்கிக் குடுத்துடும். 'கூட்டாளியை மீண்டும் மீண்டும் தாக்கியதாக ஒப்புக்கொண்டார்', இதான் இருக்கு."

"தாக்கியதாகவா?" என்றேன்.

"முன்னெல்லாம் ஒரு கட்டு எங்கிட்ட வர்றதுக்குள்ள நாலு பேர் படிச்சிருப்பாங்க. யாராவது ஒருத்தர், என்னய்யா எழுதியிருக்கன்னு தூக்கி எறிஞ்சிருப்பாங்க. இப்ப அவர் பேசி வாய மூடறதுக்குள்ள இங்க வந்து நிக்குது. மொதல்ல படிக்கிற மனுஷி நாந்தான். நானும் சுருக்கத்ததான் படிக்கறேன்." சொல்லிவிட்டுத் திரையின் மூலையில் நேரத்தைப் பார்த்தார். "இன்னைக்குச் சாயங்காலம் இது கோர்ட்டுக்குப் போயிடும். போச்சுன்னா வெளிய எடுக்கறது கஷ்டம். சரி, குரலப் போடறேன்."

முதலில் ஃபேன் சத்தம் வந்தது. அப்புறம் அவர் குரல். தூக்கம் கலைந்த மாதிரி, எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

"நான் மேல ரூம்ல இருந்தேன். அவன் கீழ. அடிச்சேன். திரும்ப அடிச்சேன். பதிலே இல்ல. மறுபடி ரெண்டு மூணு தடவ அடிச்சேன். அப்பவும் ஒண்ணுமில்ல. அப்புறந்தான் பயந்துபோய் கீழ எறங்கினேன்."

"போன் மேடம். கேளுங்க, போன்தான்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. முகத்தில் உயிர் வந்துவிட்டது.

"எனக்கும் அப்படித்தான் படுது. ஆனா போன்ங்கற வார்த்தை எங்கயும் இல்லையே." வக்கீலம்மா மறுபடியும் போட்டார். இந்தத் தடவை சத்தத்தைக் கூட்டி.

பொய் சொல்வானேன். இரண்டாவது தடவை கேட்டபோது எனக்கும் வேறு மாதிரி விழுந்தது. அடிச்சேன். திரும்ப அடிச்சேன். ஒரு பதற்றமும் இல்லாமல், ஆணி அடித்ததைச் சொல்வதுபோலச் சொல்கிறார். பத்து வருஷமாக எதிர்வீட்டில் கேட்ட குரல்தான். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

"உங்க வாக்குமூலத்த எடுத்துச் சேத்துடறேன்" என்றார் வக்கீலம்மா. "அத வச்சுதான் அவர் போன உடனே தொறக்கச் சொல்லி உத்தரவு போட முடியும்." மேசைமேல் இருந்த கறுப்பு டப்பாவைத் தட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. ஸ்டேஷனில் இருந்ததன் தங்கச்சி.

"உங்க வீட்டுக்காரர் கோபக்காரரா?"

"கத்துவாரு மேடம். அந்த வேலையில கத்தாம முடியாது."

"நெட்டைங்கறவர் கூட பகை உண்டா?"

"இல்ல மேடம். எங்க பாப்பா பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்கு மொதல்ல ஓடி வந்தது அவன்தான்."

"வீட்டுல கை நீட்டுவாரா?"

சட்டென்று 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. வாய் கொஞ்சம் திறந்தது, அப்படியே நின்றது. மழை ஜன்னல் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. நான் வாயெடுத்ததும் வக்கீலம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். சொல்லுடி, ஒரு வார்த்தைதானே என்று மனசுக்குள் அவளை வைதுகொண்டிருந்தேன். அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு போன் அடிச்சததான் சொல்றாரு மேடம்" என்றாள் கடைசியில்.

"நான் அதக் கேக்கலம்மா."

"எனக்கு அதான் தெரியும்."

வக்கீலம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் விளக்கை அணைத்தார். "போன இன்னைக்கே தொறக்கச் சொல்றேன்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். பின்பக்கம் நனைந்த சீட்டில் இடம் கிடைத்தது. நான் அடக்கி அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"ஏண்டி, அந்த மனுஷன் ஒரு நாளாவது உன்னத் தொட்டிருக்காரா?"

"இல்லக்கா."

"பாப்பாவ?"

"ஒரு தடவகூட இல்ல."

"பின்ன எதுக்கு வாய் அடைச்சுக்கிச்சு உனக்கு?"

அவள் முந்தானை நுனியைப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டியது.

"ரெண்டாவது தடவ போட்டாங்கல்ல, அப்ப அது அவர் குரல் மாதிரியே இல்லக்கா. இவ்வளவு அமைதியா சொல்றாரேன்னு இருந்துச்சு. யாரு பக்கத்துல இத்தன வருஷமா படுத்துத் தூங்கினேன்னு ஒரு பயம் வந்துருச்சு. ஒரு நொடிதான். அந்த நொடி பாத்து அந்தம்மா கேட்டுட்டாங்க. இல்லன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன், வரல."

"இப்ப?"

"இப்ப தெளிஞ்சிடுச்சு. போன்தான்க்கா. எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்ப விடு. அவருக்கென்ன தெரியவா போகுது" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளை நம்பியா, பயத்திலா, எதற்காக அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

போன் காப்பாற்றிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் திறந்த உடனே வரிசையாக நின்றதாம், மேல் அறையிலிருந்து நெட்டைக்கு அடித்த அத்தனையும். அவன் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. அதற்குள் நெட்டையும் கண்ணைத் திறந்து, கால் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டான். சுவிட்ச் போடாததைப் பற்றி மூச்சு விடவில்லையாம், கழுதை. ரைட்டரம்மா ஆள் அனுப்பித் தகவல் சொன்னாள். அவள் பேர் எங்கும் வரவில்லை.

லிஃப்ட்காரர் அதற்கு மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். தாடி முளைத்து, யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு. பாப்பா காலைக் கட்டிக்கொண்டது. எதிர்வீட்டுக்காரி வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு அவர்கள் வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டாம் என்று நானே சோறாக்கி முட்டைக் குழம்பு வைத்து மூன்று பேரையும் என் அறைக்குக் கூப்பிட்டேன். துணிக்குவியலை ஒதுக்கித் தரையில் உட்கார வைத்தேன். மழை விட்டு, சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகத் தட்டுகளில் விழுந்தது. அவர் மூன்று தடவை சோறு வாங்கினார். உள்ளே இருந்த கதையெல்லாம் சொன்னார், அதிசயமாக எதையும் முழுங்காமல் சொன்னார். யாருக்கு, எதை என்று ஒவ்வொன்றையும் விளக்கினார். அதைக் கேட்க எனக்குச் சிரிப்பாக இருந்தது.

"விடறப்ப கேஸ் காகிதம் அத்தனையும் பிரின்ட் எடுத்துக் கையில குடுத்துடறாங்கக்கா, புது ரூல். பாருங்க" என்று பைக்குள்ளிருந்து ஒரு அடுக்கு எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "'மீண்டும் மீண்டும் தாக்கியதாக ஒப்புக்கொண்டார்.' நான் பெரிய ரவுடிதான் போல." சிரித்தார். பாப்பாவும் எதற்கென்று தெரியாமல் சிரித்தது. "கீழ திருத்தம்னு போட்டு, போன் அழைப்புன்னு எழுதியிருக்காங்க. வக்கீலம்மா நல்லவங்க. தப்பு இருந்தா மனு குடுங்க, உங்க முன்னாடியே குரலப் போட்டுக் கேட்டுத் திருத்தித் தரோம்னாங்க."

அடுத்த தாளைப் புரட்டினார். "இது நீ சொன்னதா?" என்று அவளைப் பார்த்துச் சந்தோஷமாகக் கேட்டார். அவள் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள் அப்படியே நின்றது. அவளுடைய பேச்சும் அச்சாகி அவர் கைக்கே வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

"'பாப்பா பிறந்தபோது மருத்துவமனைக்கு முதலில் ஓடி வந்தவர் அவர்தான்.' நல்லாத்தான் சொல்லியிருக்க." விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். "'வீட்டில் கை நீட்டுவாரா?' அதுக்கு..." தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், மறுபடி கிட்டே கொண்டுவந்தார். "மௌனம்னு போட்டிருக்கு."

பாப்பா மட்டும் முட்டையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது.

"இங்கயும் கோட்ட விட்டுடுச்சு பாருங்க மெஷினு" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். "அக்கா, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. இதுக்கு என்ன சொன்னா?"

"என்ன சொல்லுவா? கை நீட்டவே மாட்டாருன்னு சொன்னா" என்றேன். தடுமாறாமல் வந்தது. "தகரத்துல மழ கொட்டுச்சு தம்பி, அதுக்குக் கேட்டிருக்காது."

"அதான பாத்தேன்." அவர் மூச்சு விட்டார். "நாளைக்கே போய் மனு குடுத்துடறேன். இது இப்படியே கெடக்கக் கூடாது. பாப்பா பெரிசாகி ஒரு நாள் இத எடுத்துப் படிச்சா, அப்பன் என்ன ஆளுன்னு நெனைக்கும்? நீயும் லீவு போடு. மூணு பேரும் போவோம், குரலப் போடச் சொல்லி உக்காந்து கேப்போம். நீ சொன்னத நானும் கேக்கணும்."

பொய்யை இவ்வளவு நம்பிக்கையோடு வாங்கிக்கொண்ட முகத்தை நான் பார்த்ததில்லை. இனி எதைச் சொல்லி இவரை நிறுத்துவது என்று தெரியாமல் பாப்பாவின் தட்டில் மேலும் சோறு போட்டேன். அது போதும் போதும் என்றது.

"போக வேணாங்க" என்றாள் அவள்.

"ஏன், லீவு குடுக்க மாட்டாங்களா?"

"இல்ல. அது சரியாத்தான் எழுதியிருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். பிறகு அவளைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் பரவாயில்லை என்றுகூட இருந்தது. வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார், யாருடையதோ அந்தச் சட்டை. தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். பாப்பா அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தது.

தண்ணீர்ச் சொம்பு அவளுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் கையை நீட்டினார். அவள் பின்னால் நகர்ந்தாள். நகர்ந்த பிறகுதான் நகர்ந்தது அவளுக்கே தெரிந்தது.

அவர் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தண்ணி எடுக்கத்தாம்மா" என்றார்.